போல்ட் எல்லாம் சேருதுங்க

இன்ஜின் இறக்கி ஏற்றுகிற வேலையில் எலக்ட்ரீஷியனைக் கடைசியாகத்தான் கூப்பிடுவார்கள். மவுண்டிங் போல்ட் முறுக்கியாகிவிட்டது, ஆயில் ஊற்றியாகிவிட்டது, ரேடியேட்டர் ஹோஸ் மாட்டியாகிவிட்டது என்ற பிறகு, “ரெண்டு வயர்தான் தம்பி பாக்கி, வந்து குடுத்துட்டுப் போயிரு” என்று போன் வரும். போய்ப் பார்த்தால் இன்ஜினைச் சுற்றிக் கப்ளர்களாகத் தொங்கும். எதை எதில் மாட்டுவது என்று கேட்டால், “அதுக்குத்தான உன்னையக் கூப்புட்டது” என்பார்கள்.

பொள்ளாச்சியில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருந்த காலத்தில் இப்படி நிறைய வண்டிகள் வந்து போயின. பல மறந்துவிட்டன. 2016-ல் வந்த ஒரு ஜிப்ஸி மட்டும் போல்ட்டு நட்டு சகிதம் நினைவில் நிற்கிறது. எல்லாமே பொருந்தி, ஆனால் உருப்படியாக ஓடாமல் போன வண்டி அது.

2006 மாடல் மாருதி ஜிப்ஸி கிங். மிலிட்டரி டிஸ்போசல். ஏலத்தில் எடுத்த ஒருவரிடமிருந்து வால்பாறைக்காரர் ஒருத்தர் வாங்கி, லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து எங்கள் பட்டறையில் இறக்கினார். பச்சை பெயின்ட் அப்படியே இருந்தது. அந்த ஆலிவ் பச்சையைத் தனியார் வண்டியில் வைத்திருக்கக் கூடாது என்பதால் முதலில் வெள்ளை அடிக்க வேண்டும் என்றார் பட்டறை மேஸ்திரி. அதைத் தவிர பாடியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சேஸிஸில் துரு இல்லை. கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் அச்சு எல்லாம் கெட்டியாக இருந்தன. இன்ஜின்தான் செத்திருந்தது. ஹெட்டில் விரிசல் விட்டு, தண்ணீரும் ஆயிலும் கலந்து, பிஸ்டன்கள் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டு, கிராங்க் புல்லியில் இரண்டடிக் கம்பி போட்டுத் திருப்பினாலும் அசையவில்லை.

அவரிடம் இன்னொரு ஜிப்ஸியும் இருந்தது. 1998 மாடல். ஆனைமலைப் பக்கம் மரத்தில் மோதிச் சேஸிஸ் வளைந்து, ஷெட்டில் கிடந்தது. ஆனால் இன்ஜின் தங்கம். அவர் கணக்கும் மேஸ்திரி கணக்கும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. நல்ல இன்ஜின் ஒன்று, நல்ல பாடி ஒன்று, இரண்டும் ஜிப்ஸி. பிறகு யோசிக்க என்ன இருக்கிறது?

“அதும் 1298 சி.சி., இதும் 1298 சி.சி. அதே போரு, அதே ஸ்ட்ரோக்கு. பெல் ஹவுசிங்ல போல்ட் எல்லாம் சேருதுங்க” என்றார் மேஸ்திரி. பொய்யில்லை. இரண்டிலும் போர் 74 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 75.5. சுசுகியின் ஜி13பி வரிசை இன்ஜின் இரண்டும். பழையது ஜி13பிஏ, புதியது ஜி13பிபி. கடைசி எழுத்துதான் வித்தியாசம். வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்த ஓர் எழுத்துக்குள் என்ன நடந்தது என்று தெரியும். 1985-ல் ஜிப்ஸி வந்தபோது 970 சி.சி. இன்ஜின். 1996-ல் கிங் என்ற பெயரோடு 1298 சி.சி. வந்தது, எட்டு வால்வு, கார்புரேட்டர், 60 குதிரைத் திறன். 2000-ல் அதே அளவு இன்ஜின் பதினாறு வால்வோடு, கார்புரேட்டரை விட்டு இன்ஜெக்டருக்கு மாறி, எம்.பி.எஃப்.ஐ. ஆகி 80 குதிரைத் திறனுக்கு ஏறியது.

அந்த மாற்றத்துக்குக் காரணம் வேகப் பிரியர்கள் இல்லை. டில்லிப் புகை. தலைநகர்ப் பகுதியில் விற்கும் புதிய கார்களுக்கு 1999 ஜூன் 1 முதல் யூரோ-1, 2000 ஏப்ரல் 1 முதல் யூரோ-2 என்று உச்ச நீதிமன்றம் கெடு வைத்தது. அதுவரை பொறுமையாக மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்த கம்பெனிகள் விறுவிறுவென்று இன்ஜெக்‌ஷனுக்குப் போயின. கார்புரேட்டர் டியூனிங்கில் பேர் வாங்கியிருந்த எங்கள் ஊர்க் கைகள் சில அந்த இரண்டு மூன்று வருஷத்தில் வேலை குறைந்து உட்கார்ந்துவிட்டன. எங்கள் மேஸ்திரி அந்தத் தலைமுறை. ஸ்க்ரூ டிரைவர் பிடியைக் காதில் வைத்து வால்வ் சத்தம் கேட்டே இன்ஜின் வயசு சொல்வார். இன்ஜினை ஆட்டுவிக்கும் கம்ப்யூட்டரான ஈ.சி.எம். பெட்டியைக் கண்டால் மட்டும் அவருக்கு ஆகாது. செத்த எம்.பி.எஃப்.ஐ. இன்ஜினைக் கழற்றிக் கார்புரேட்டர் இன்ஜினை வைக்கும் வேலை வந்தபோது அவர் முகத்தில் பழைய கணக்கைத் தீர்க்கும் சந்தோஷம் தெரிந்தது என்று நான் நினைப்பதுண்டு. அவரிடம் சொன்னதில்லை.

இன்ஜின் உட்கார்ந்துவிட்டது. மவுண்டிங்கில் ஏறியது, கியர்பாக்ஸ் ஸ்ப்லைனில் கிளட்ச் பிளேட் நழுவிப் போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் போன் வந்தது.

முதல் தகராறு பெட்ரோல். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் பம்ப் இன்ஜின் மேலேயே இருக்கும். கேம்ஷாஃப்ட் சுற்றும்போது ஒரு சின்ன ராடு போய் டயாஃபிரத்தை இடிக்க, அது பின்னால் இருக்கிற டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி எடுக்கும். அழுத்தம் 0.3 பாருக்குள்தான் இருக்கும். கார்புரேட்டர் கிண்ணத்தில் மிதவை ஏறியதும் ஊசி வால்வு ஒன்று போய் வாயை அடைக்க வேண்டும், அதற்கு அவ்வளவு அழுத்தம்தான் தாங்கும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் கரண்ட் மோட்டார். அது இன்ஜெக்டருக்காக 2.5, 3 பார் என்று தள்ளும். கிட்டத்தட்டப் பத்து மடங்கு.

“டேங்குக்குள்ள கரண்ட் பம்ப் இருக்கு, அப்பறம் எதுக்குத் தம்பி இந்த இடி பம்பு? வாயை அடைச்சுட்டு நேரா குடு” என்றார் மேஸ்திரி.

“ஊசி தாங்காதுங்க மேஸ்திரி.”

“தாங்குதா இல்லியான்னு பாத்துக்கலாம், நீ குடு.”

ஈரச் சாக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பேட்டரி டெர்மினலில் ஒரு கையை வைத்தபடி சாவியைத் திருப்பச் சொன்னேன். டேங்குக்குள் பம்ப் விர்ரென்று இரண்டு நொடி ஓடி நின்றது. அந்த இரண்டு நொடி போதும். கார்புரேட்டர் கழுத்திலிருந்து பெட்ரோல் பொங்கி மேனிஃபோல்டில் வழிந்து ஸ்டார்ட்டர் மோட்டார் மேல் சொட்டியது. பட்டறையில் பீடி குடித்துக்கொண்டிருந்த பையன் யாரும் சொல்லாமலே எழுந்து ரோட்டுக்குப் போய்விட்டான்.

எல்லாவற்றையும் துடைத்து, காற்றுவிட்டு, மறுபடி ஸ்டார்ட் செய்தோம். கிண்ணத்தில் இருந்த பெட்ரோலுக்குக் கொஞ்ச நேரம் ஓடி அணைந்தது. அந்த வண்டியில் பம்ப் ரிலே ஈ.சி.எம். கையில் இருக்கிறது. சாவி போட்டதும் லைனில் அழுத்தம் ஏற்ற ஓரிரு நொடி பம்பை ஓட்டும். அப்புறம் கிராங்க்‌ஷாஃப்ட் சுற்றுகிறது என்று சென்சார் சொன்னால்தான் பம்ப் தொடர்ந்து ஓடும். பழைய இன்ஜினில் கிராங்க் சென்சாரே கிடையாது. ஆகவே ஈ.சி.எம். கணக்கில் அந்த வண்டியில் இன்ஜின் ஓடவே இல்லை. எங்கள் காது கிழியும்படி ஓடிக்கொண்டிருந்தபோதும் அதற்கு ஓடவில்லை.

“ரிலேயை நேரா பண்ணிரு. சாவி போட்டா பம்ப் ஓடோணும், அவ்வளவுதான?” என்றார். பிரஷரைக் குறைக்க ஒரு ரெகுலேட்டர் வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் அடுத்த யோசனை. ரெகுலேட்டர் வைக்கலாம்தான். ரிலேயை நேராக்க முடியாது என்று நான் மறுத்துவிட்டேன். விபத்தில் இன்ஜின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும் என்பதற்குத்தான் அந்த ஏற்பாடு. அதை எடுத்துவிட்டால் வண்டி கவிழ்ந்து கிடக்கும்போதும், சாவி ஆனில் இருக்கும்வரை பம்ப் அறுந்த குழாய் வழியாகப் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்கப் போகிற வண்டி அது. மேஸ்திரி ஒரு நிமிஷம் என்னை முறைத்துவிட்டு, “சரி, இடி பம்பையே மாட்டறேன்” என்றார்.

மாட்டினார். டேங்குக்குள் இருந்த கரண்ட் பம்பை மட்டும் எடுக்கவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டும், அதன் வழியாகவே உறிஞ்சிக்கொள்ளட்டும் என்பது எண்ணம். ஐடிலில் நன்றாக ஓடியது. ஆழியாறு வரை சமவெளியில் நன்றாக ஓடியது. மலை ஏற ஆரம்பித்ததும் மூச்சு வாங்கியது. ஓடாத மோட்டாரின் இடுக்கு வழியாக, அதற்குள் இருக்கும் ஒருவழி வால்வையும் தாண்டி, அந்தச் சின்ன டயாஃபிரம் எவ்வளவுதான் இழுக்கும்? ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயின்ட்டில் டூரிஸ்ட்டுகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த இடத்திலேயே, மூன்று முறை இடித்துவிட்டு நின்றது. பானெட்டைத் திறந்தால் கண்ணாடி ஃபில்டரில் பெட்ரோலுக்குப் பதில் குமிழிகள். உறிஞ்சும் லைனில் அழுத்தம் குறைந்து, இன்ஜின் சூடும் சேர்ந்துகொள்ள, பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிட்டது. டேங்கிலிருந்து தள்ளும் வண்டியில் இந்த வியாதி வருவது அபூர்வம். கடைசியில் டேங்கை இறக்கி, பம்பை உருவி, அந்த இடத்தில் வெறும் குழாய் ஒன்றைப் பற்றவைத்துத்தான் தீர்ந்தது.

மலைக்குப் போகும் முன்பே ஐடிலிங் பிரச்சினை ஒன்று. ஆக்ஸிலேட்டர் மிதித்தால் ஓடும், காலை எடுத்தால் அணையும். மேஸ்திரி ஐடில் ஸ்க்ரூவை ஒரு காலை முழுக்கத் திருகிப் பார்த்தார். ஜெட்டைக் கழற்றி ஊதினார். எனக்கு ஒரு சந்தேகம். பானெட் பக்கம் காதை வைத்துக்கொண்டு பையனைச் சாவி போடச் சொன்னேன். கார்புரேட்டர் பக்கவாட்டில் ‘டக்’ என்று ஒரு சின்னச் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை. அங்கே பெட்ரோல் கட் சோலனாய்டு என்று ஒரு சிறு குமிழ் இருக்கும். சாவி போட்டதும் 12 வோல்ட் வந்து அது ஊசியைப் பின்னுக்கு இழுக்கும், அப்போதுதான் ஐடில் வழியில் பெட்ரோல் வரும். சாவியை எடுத்ததும் ஊசி மூடிக்கொள்ளும், சூட்டில் இன்ஜின் தானாகத் தொடர்ந்து வெடிக்காமல் இருக்க. 2006 வண்டியின் வயரிங்கில் இதற்கு ஒரு கம்பியே கிடையாது. இருக்கவும் நியாயமில்லை. டிஸ்ட்ரிபியூட்டருக்கும் அதே கதை. புதிய இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டரே இல்லை, எந்த நேரத்தில் பொறி விட வேண்டும் என்று ஈ.சி.எம். காயிலுக்கு நேரே சொல்லும். பழைய இன்ஜினின் டிஸ்ட்ரிபியூட்டர் தன் நேரத்தைத் தானே பார்த்துக்கொள்ளும், அதற்கு வேண்டியது நல்ல 12 வோல்ட்டும் நல்ல எர்த்தும்தான். இக்னிஷன் ஸ்விட்ச்சிலிருந்து தனி ஃபியூஸ் போட்டு இரண்டுக்கும் நிரந்தர லைன் எடுத்தேன். ‘டக்’ கேட்டது. மேஸ்திரி ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனார்.

வயரிங்கில் மிச்சமிருந்தது டெம்பரேச்சர் முள். ரேடியேட்டர் கொதிக்கிறது, முள் பாதிக்கும் கீழே சோம்பலாக நிற்கிறது. சூட்டை அளந்து முள்ளுக்குச் சொல்லும் பழைய சென்டரின் ரெசிஸ்டன்ஸ் வேறு, புதிய மீட்டர் எதிர்பார்ப்பது வேறு. செத்த இன்ஜினிலிருந்து சென்டரைக் கழற்றி இதில் போட்டேன். பையன் கசிவு வேண்டாமே என்று மரையில் டெஃப்லான் டேப்பை ஏழெட்டுச் சுற்று சுற்றி வைத்திருந்தான். சென்டருக்கு எர்த் அந்த மரை வழியாகத்தான் போகிறது. முள் எழவே இல்லை. டேப்பைக் கிழித்ததும் எழுந்தது. செக் இன்ஜின் விளக்கு மட்டும் கடைசிவரை அணையவில்லை. பல்பைக் கழற்றிவிடு என்றார் வால்பாறைக்காரர். அது ஒன்றுதான் அந்த வண்டியில் உண்மை பேசிக்கொண்டிருந்தது.

என் கட்சி எப்போதும் இதுதான்: இன்ஜின் என்று நாம் சொல்கிற இரும்புக் கட்டியில் பாதி இன்ஜின்கூட இல்லை. மீதி டேங்கில் இருக்கிறது, சைலன்சரில் இருக்கிறது, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிறது. 2006 ஜிப்ஸி தன் இன்ஜினிடமிருந்து மேனிஃபோல்டு அழுத்தம், த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, தண்ணீர் சூடு, புகையில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும் வண்டி. 1998 இன்ஜினுக்கு அப்படிப் பதில் சொல்லிப் பழக்கமில்லை. மெக்கானிக்குகளில் முக்கால்வாசிப் பேர் போல்ட் ஓட்டையைப் பார்த்துப் பொருத்தம் சொல்கிறவர்கள். ஓட்டை பொருந்தாமல் இருந்திருந்தால் வேலை அன்றைக்கே நின்றிருக்கும், காசும் மிஞ்சியிருக்கும்.

மலை மேல் வேறொரு கணக்கு. மேஸ்திரி பொள்ளாச்சியில் வைத்து அருமையாக டியூன் பண்ணியிருந்தார். நம் ஊர் ஆயிரம் அடிக்குள். வால்பாறை 3,500 அடி. அங்கே காற்றின் அடர்த்தி இங்கே இருப்பதைவிட ஏழெட்டு சதவீதம் குறைவு. கார்புரேட்டருக்கு அது தெரியாது. காற்று மெலிந்த அளவுக்கு அது பெட்ரோலைக் குறைக்காது, கலவை கனத்துவிடும். எம்.பி.எஃப்.ஐ.யில் மேப் சென்சார் அழுத்தம் குறைந்ததைப் பார்த்து ஈ.சி.எம்.முக்குச் சொல்லிவிடும். அட்டகட்டியில் நிறுத்தி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தோம். நன்றாக எரியும் பிளக்கின் பீங்கான் முனை காய்ந்த பாக்குக் கலரில் இருக்கும். நான்கும் அடுப்புக்கரி மாதிரி வறட்டுக் கறுப்பு. விரலில் தேய்த்தால் ஒட்டியது. வால்பாறைக்காரர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய வண்டியும் இப்படித்தான் ஓடியது, இழுவை நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அதிலும் உண்மை உண்டு. எட்டு வால்வு இன்ஜின் கீழ் ஆர்.பி.எம்.மில் நிதானமாக இழுக்கும். எஸ்டேட் ரோட்டில் இரண்டாவது கியரில் உருட்டிக்கொண்டு போகிறவருக்குப் பதினாறு வால்வின் மேல்வேகம் எதற்கு?

ஆனால் பழைய வண்டியில் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லை. இதில் இருந்தது. எட்டு வால்வு இன்ஜினின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் 2006 வண்டியின் முன் பைப்பும் முகம் சேரவில்லை. லேத்தில் ஒரு ஃப்ளேஞ்ச் கடைந்து இரண்டையும் இணைத்திருந்தார் மேஸ்திரி. கனத்த கலவையில் எரியாமல் மிஞ்சும் பெட்ரோல் எல்லாம் கன்வெர்ட்டருக்குள் போய் எரிய ஆரம்பித்தது. சாயங்காலம் அட்டகட்டியில் இருட்டிய பிறகு, அழுகிய முட்டை நாற்றம் வருகிறதே என்று குனிந்து பார்த்தேன். வண்டிக்கு அடியில் கன்வெர்ட்டர் கூடு செக்கச்செவேலென்று கனன்றுகொண்டிருந்தது. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம், மார்ச் மாதம், ரோட்டோரம் முழுக்கக் காய்ந்த சருகு. “அண்ணா, எடுங்க வண்டியை, சருகு இல்லாத பக்கம் நிறுத்துங்க” என்று நான் கத்தியதில் வால்பாறைக்காரருக்குக் கோபம்கூட வந்தது. குனிந்து பார்த்த பிறகு கோபம் போய்விட்டது. அந்தச் சூட்டில் கன்வெர்ட்டருக்குள் இருக்கும் தேன்கூட்டுப் பீங்கான் உருகி வழியையே அடைத்துவிடும். அதற்கு அந்தப் பயணமே போதுமாக இருந்தது என்று பிறகு கழற்றியபோது தெரிந்தது.

கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு நேர் பைப் போட்டால் புகைச் சான்றிதழ் என்ன ஆகும் என்பது அடுத்த கேள்வி. இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. புகை அளவு இன்ஜின் வயசைப் பார்த்து வருவதில்லை, வண்டி வயசைப் பார்த்து வருகிறது. நம் நாட்டுப் புகை விதியான பாரத் ஸ்டேஜ்-2க்கு முந்தைய பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1,500 பி.பி.எம். வரை விட்டுவைப்பார்கள். ஸ்டேஜ்-2 வந்த பிறகு செய்த வண்டிக்கு 0.5 சதவீதம், 750 பி.பி.எம். ஸ்டேஜ்-4 என்றால் 0.3, 200. எங்கள் இன்ஜின் தன் சொந்த வண்டியில் இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பாஸ். இந்த வண்டியில் அது 0.5-க்குள் அடங்க வேண்டும். மேஸ்திரி மிக்சர் ஸ்க்ரூவை உள்ளே திருகத் திருக அளவு இறங்கியது. 2-க்குக் கீழே போனதும் இன்ஜின் மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்தது. இன்னும் திருகினால் அணைந்தது. புகைப் பரிசோதனைக் கடைக்காரர் எங்கள் மூஞ்சியைப் பார்த்துப் பாவப்பட்டு, “வேணும்னா மாடல் 98-னு போட்டுக்கலாமுங்களா?” என்று கேட்டார். நம்பர் பிளேட்டே இல்லாத வண்டிக்கு மாடலை மட்டும் மாற்றி என்ன செய்ய?

நம்பர் பிளேட் கதைதான் கடைசி. மிலிட்டரி ஏல வண்டிக்குச் சிவில் நம்பர் வாங்க, ஏலத் தாளில் இருக்கும் சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். ஆர்.டி.ஓ. ஆபீசில் பிரேக் இன்ஸ்பெக்டர் நிதானமான மனிதர். எண் பொறித்த இடத்தில் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார். சேஸிஸ் எண் சரியாக வந்தது. இன்ஜின் பக்கம் வந்து தேய்த்தபோது, தாளில் முதலில் எழுந்தது ஜி13பிஏ. ஏலத் தாளில் ஜி13பிபி. வால்பாறைக்காரர் பழைய வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை நீட்டி, இது திருட்டு இன்ஜின் இல்லை, என்னுடையதுதான் என்றார். இன்ஸ்பெக்டர் அதையும் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தார்.

“உங்களுதுதான், சந்தேகமே இல்லீங்க. ஆனா இந்த வண்டிக்கு அப்ரூவல் ஆன இன்ஜின் இது இல்லியே. அதே டைப் போட்டுட்டு, பில்லோட வாங்க, நம்பர் மாத்தித் தர்றேன்.”

மேஸ்திரிக்கு அது அநியாயமாகப் பட்டது. ஒரே கம்பெனி, ஒரே சி.சி., ஒரே பெட்ரோல், என்னங்க இது என்று வெளியே வந்து புலம்பினார். எனக்கு இன்ஸ்பெக்டர் சொன்னதில் தப்பு தெரியவில்லை. எந்த வருஷத்துப் புகைக்கு உட்பட்டு அந்த வண்டி விற்பனைக்கு வந்ததோ அந்தப் பொறுப்பு அதன் சேஸிஸோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. கம்பெனி கொடுத்த அமைப்பை மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவைத் தாண்டி மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கறாராகச் சொல்லிவிட்டது. இப்போதைய வண்டிகளில் இதெல்லாம் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரைகூடப் போகாது. சாவியில் இருக்கும் சிப்பை ஈ.சி.எம். அடையாளம் காணாவிட்டால் ஸ்டார்ட்டே ஆகாது. ஈ.சி.எம். பேசாவிட்டால் ஏ.சி. கம்ப்ரஸர் சுற்றாது, ரேடியேட்டர் ஃபேன் கண்டபடி ஓடும், சில வண்டிகளில் ஸ்டியரிங்கே கனக்கும். பழைய இன்ஜின் வைக்கலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம், முதலில் உங்கள் வண்டி யாருடன் பேசிக்கொண்டிருக்கிறது என்று பாருங்கள் என்பேன்.

கோயம்புத்தூர் உக்கடத்தில் வால்பாறைக்காரர் ஒரு எஸ்டீம் இன்ஜினைப் பிடித்தார். ஜி13பிபி. வாங்கும் முன் என்னையும் கூட்டிக்கொண்டு போனார், இந்தத் தடவை முதலிலேயே. சென்சார்கள் எல்லாம் மேலேயே இருக்கின்றனவா, கப்ளர் காதுகள் உடையாமல் இருக்கின்றனவா என்று நான் பார்த்துச் சொன்ன பிறகுதான் பணம் கொடுத்தார். எஸ்டீமில் இன்ஜின் குறுக்கே உட்காரும், ஜிப்ஸியில் நெடுக்கே. ஆகவே சம்ப், மவுண்டிங் பிராக்கெட், மேனிஃபோல்டு எல்லாம் செத்த ஜிப்ஸி இன்ஜினிலிருந்து வந்து ஏறின. டேங்குக்கு ஒரு கரண்ட் பம்பும் சைலன்சருக்கு ஒரு கன்வெர்ட்டரும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. செலவு, முதலிலேயே இதைச் செய்திருந்தால் ஆகியிருக்கக்கூடியதைப் போல ஏறத்தாழ இரண்டு பங்கு. நான் இழுத்த தனி லைன்களை எல்லாம் உருவிவிட்டு, கம்பெனிக் கப்ளர்களை அதனதன் இடத்தில் செருகினேன். உண்மையிலேயே இரண்டு வயர் வேலைதான். சாவி போட்டதும் செக் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைந்தது.

பழைய ஜி13பிஏ-வை வாங்கப் பாலக்காட்டிலிருந்து ஒருவர் பிக்கப்பில் வந்தார். அவரிடம் 1997 மாடல் ஜிப்ஸி இருந்தது. இதில் என்னென்ன மாற்றியிருக்கிறீர்கள் என்று கேட்டார். எக்ஸாஸ்ட்டில் ஒரு ஃப்ளேஞ்ச் தவிர ஒன்றுமில்லை என்றேன். அதை அங்கேயே கழற்றி, தனக்கு வேண்டாம் என்று பெஞ்சில் வைத்துவிட்டுப் போனார். அந்த ஃப்ளேஞ்சுக்கு லேத்தில் கொடுத்த காசை யார் ஏற்றுக்கொள்வது என்று மேஸ்திரிக்கும் வால்பாறைக்காரருக்கும் ரொம்ப நாள் இழுபறி. எஸ்டிமேட்டில் இல்லை என்கிறார் இவர். உங்கள் வண்டிக்காகத்தானே கடைந்தது என்கிறார் அவர். என் வயரிங் காசை நான் உக்கடம் போன அன்றைக்கே வாங்கிவிட்டிருந்தேன்.